எல்.இ.டி.க்கு எத்தனை ஓம்? கேள்வி பதில்

மழையில் கரன்ட் போனால் மாட்டுக்கொட்டகைக்கு வெளிச்சம் வேண்டும் என்று 12 வோல்ட் பேட்டரியில் மூன்று வெள்ளை எல்.இ.டி.யை வரிசையாகக் கோத்து, கரன்ட்டைக் கட்டுப்படுத்த 120 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். இரண்டே மாதத்தில் மங்கிவிட்டது. கணக்கில் தப்பா அண்ணா? (கோத்தகிரி)

கணக்கு சரிதான் தம்பி. பேட்டரிதான் 12-இல் நிற்காது. வெள்ளை எல்.இ.டி. ஒன்று சுமார் 3.2 வோல்ட் எடுக்கும், மூன்றுக்கு 9.6. மீதி 2.4 வோல்ட்டை 120 ஓமால் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர். அதுவரை சரி. சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வரை போகுமே? அப்போது மீதி 4.8 வோல்ட், கரன்ட் 40 மில்லி ஆம்பியர். சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி. அதைத் தாங்காது.

270 ஓம் போட்டால் 14.4-இல் பிரச்சினை இல்லை. ஆனால் பேட்டரி 12-க்கு இறங்கியதும் 9 மில்லி ஆம்பியர்தான் ஓடும், வெளிச்சம் பாதியாகிவிடும். நானாக இருந்தால் இரண்டிரண்டாகக் கோத்து ஒவ்வொரு ஜோடிக்கும் 470 ஓம் (ரெசிஸ்டரின் பட்டைகள் மஞ்சள், ஊதா, பழுப்பு) போடுவேன். 14.4-இல் 17, 12-இல் 12 மில்லி ஆம்பியர். கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குள் மூன்று சிவப்பு, மூன்று வெள்ளை. போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஆறையும் பக்கவாட்டில் இணைத்து ஒரே ரெசிஸ்டர் வைத்தேன். வெள்ளை எரியவே இல்லை. (குன்னூர்)

சிவப்பு 2 வோல்ட்டிலேயே ஒளிர ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் வோல்ட்டேஜை ஏறவிடாது. வெள்ளைக்கு 3 வோல்ட்டாவது வேண்டும், பாவம். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள்: சிவப்புக்கு 150, வெள்ளைக்கு 100 ஓம். ஒரே நிறமாக இருந்தாலும் தனித்தனிதான், இல்லையென்றால் ஒன்று அதிகமாகக் குடிக்கும்.

ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களில் வேறு ரெசிஸ்டர் போட வேண்டுமா சார்?

வேண்டாம். ஒரு டிகிரி குறைந்தால் எல்.இ.டி. சுமார் 2 மில்லிவோல்ட் கூடுதலாகக் கேட்கும். 25 டிகிரி இறங்கினாலும் 0.05 வோல்ட்தான். விடிகாலையில் விளக்கு மங்கினால் பேட்டரியைப் பாருங்கள், குளிரில் சோர்ந்து போவது அதுதான்.

கேத்தியில் கேரட் தோட்டத்துக்கு அந்த ஜோடி விளக்கையே பேட்டரி இல்லாமல் 12 வோல்ட் சோலார் பேனலில் நேராக மாட்டலாமா?

பகலில் எதற்குங்க விளக்கு? சோதித்துப் பார்க்கத்தான் என்றால், மீட்டரை வைத்துப் பாருங்கள்: லோடு இல்லாத 12 வோல்ட் பேனல் நல்ல வெயிலில் 21 வோல்ட் காட்டும். 470 ஓமில் 31 மில்லி ஆம்பியர், எல்.இ.டி.க்கு அது அதிகம். பேனலோடு பேட்டரியும் இருந்தால், பேட்டரி வயரைக் கழற்றும் முன் விளக்கைக் கழற்றிவிடுங்கள்.