முதல்வர் விலகிய பிறகும் மணிப்பூர் குக்கி-ஸோ மக்கள் ஏன் நீதி கேட்கிறார்கள்?

முதல்வர் பிரேன் சிங் விலகியது 2025 பிப்ரவரியில். மலைப் பழங்குடிகளான குக்கி-ஸோ மக்களுக்கும் பள்ளத்தாக்கின் பெரும்பான்மையினரான மெய்தேய் மக்களுக்கும் இடையே கலவரம் வெடித்ததோ 2023 மே 3. இடையில் 21 மாதம் ஓடிவிட்டது, அதுதான் ஆத்திரமே. மே 4 அன்று இரண்டு குக்கி-ஸோ பெண்களை ஒரு கும்பல் நிர்வாணமாக ஊர்வலம் விட்டது, அதே மாதம் 18ஆம் தேதி புகார் பதிவாகியும் ஜூலையில் வீடியோ வெளியான பிறகுதான் முதல் கைது. குக்கி-ஸோ மக்கள் வாழும் சுராசந்த்பூரில், கலவரத்தில் இறந்த அவர்கள் தரப்பு 87 பேரை ஒரே நாளில் அடக்கம் செய்தது 2023 டிசம்பர் 20-இல், அதுவரை பல மாதம் பிணவறையில் கிடந்த உடல்கள். மெய்தேய் தரப்பிலும் ஏராளமான சாவு, இடப்பெயர்வு, மறுக்கவில்லை. ஆனால் காவல் நிலையத்துத் துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் சூறையாடப்பட்டபோது அரசை நடத்தியவர் யார்? 2024 கடைசி நாளில் அவர் வருத்தம் தெரிவித்தார், சரி, அப்புறம்? குக்கி-ஸோ மக்கள் கேட்பது விசாரணை, தண்டனை. தங்களுக்குத் தனி நிர்வாகமும் கேட்கிறார்கள்.