சென்ட்ரிஃபியூஜ் ரிப்பேர்னு யாரும் சொல்லல

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திண்டுக்கல் பக்கம். பிஎஸ்சி எம்எல்டி, அதான் லேப் டெக்னாலஜி, முடிச்சுட்டு ஒன்பது வருஷமா ஒரு டயக்னாஸ்டிக் லேப்ல பயோகெமிஸ்ட்ரி பாக்குறேன், இப்ப சீனியர் டெக்னீஷியன். எங்க லேப் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வேலையை விட்டுட்டு போயிட்டார், அந்த இடத்துக்கு என்னைய வரச் சொல்றாங்க. சம்பளம் கூடும், வீட்டுக்கடன் இருக்குறதால அது பெரிய விஷயம்தான். ஆனா கூட வேலை பாக்குறவங்க எல்லாம் "இனிமே நீ ஜெனரேட்டர் டீசல் கணக்கும் கலெக்ஷன் பசங்க லீவு கணக்கும் பாரு"ன்னு சொல்றாங்க. படிச்ச படிப்பு வீணாப் போயிருமோன்னு மனசு அடிச்சுக்குது. அப்பா வேற மாதிரி சொல்றார், "மெஷின் முன்னாடி இருக்குற வரைக்கும் உன் தப்பு மட்டும்தான் உன் தப்பு, மேனேஜர் ஆயிட்டா எவன் செஞ்ச தப்பும் உன் தப்பு"ங்கிறார். நீங்க பல வருஷம் லேப் ஆபரேஷன்ஸ்ல இருந்ததா எழுதியிருந்தீங்க. நான் போகலாமா வேண்டாமா அக்கா?

(பேரு, ஊரு போட வேண்டாம்.)

தம்பிக்கு,

உங்க அப்பா சொன்னது அப்படியே உண்மை, ஒரு வார்த்தை மாத்த வேண்டியதில்ல. அவர் வேண்டாம்னு சொல்றதுக்கு எதை காரணமா வச்சாரோ அதையேதான் நான் போங்கன்னு சொல்றதுக்கும் வைக்கிறேன். ஏன்னு சொல்லணும்னா ஒரு பழைய கதை சொல்லணும், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

ஒரு மே மாசம், அக்னி நட்சத்திரம் நடக்குது, அப்ப நான் ஆபரேஷன்ஸுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. எங்க கலெக்ஷன் சென்டர் ஒண்ணு மெயின் லேப்ல இருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி. அந்த சென்டர் சாம்பிள்ல பொட்டாசியம் கூடுதலா வர ஆரம்பிச்சுது, ஒருத்தருக்கு 5.9, ஒருத்தருக்கு 6.2, நார்மல் 5.1க்குள்ள இருக்கணும்னு உங்களுக்கு தெரியும். டெக்னீஷியன் பொண்ணு நல்லா வேலை தெரிஞ்சவ, கண்ட்ரோல், அதாவது அளவு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள், ஓட்டிப் பாத்தா, ரெண்டு லெவலும் சரியா உக்காருது, கேலிபரேஷன் மறுபடி போட்டா, எலக்ட்ரோட் மாத்துனா, மத்த சென்டர் சாம்பிள் எல்லாம் சரியா இருக்கு. சீரம், அதான் ரத்தம் உறைஞ்ச பிறகு பிரியுற நீர், பளிச்சுன்னு மஞ்சளா இருக்கு, ஹீமோலிசிஸ், அதாவது சிவப்பணு உடைஞ்ச அடையாளம், துளி கூட இல்ல, அதனால ரத்தம் எடுக்கும்போது உடைஞ்சிருக்கும்னும் சொல்ல முடியல. மெஷின் சரி, கண்ட்ரோல் சரி, ரிப்போர்ட் போயிருச்சு. மூணாவது நாள் ஒரு டாக்டர்கிட்ட இருந்து போன். எழுபது வயசு தாண்டுன ஒரு அம்மா, 6.4னு நம்ம ரிப்போர்ட்டை பாத்துட்டு, இவ்வளவு பொட்டாசியம்னா இதயத்துக்கு ஆபத்துன்னு பயந்துபோய் அட்மிட் பண்ணியிருக்காங்க, ஈசிஜி நார்மல், அங்க மறுபடி ரத்தம் எடுத்துப் பாத்தா 4.3. அந்த அம்மா ராத்திரி முழுக்க வீட்டு ஆளுங்களோட ஆஸ்பத்திரியில உக்காந்துருந்துருக்காங்க, எந்த வியாதியும் இல்லாம.

நான் அன்னைக்கு செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அந்த சென்டர் சாம்பிளை எல்லாம் லேப்புக்கு வந்த நேரப்படி பாக்காம ரத்தம் எடுத்த நேரப்படி அடுக்கிப் பாத்தேன். காலையில எடுத்தது எல்லாம் சரியா இருக்கு. முந்தின நாள் சாயங்காலம் எடுத்தது மட்டும் ஏறியிருக்கு. அவ்வளவுதான், பஸ் ஏறிட்டேன்.

அங்க போய் நின்னா சின்ன ரூமு, மூலையில சென்ட்ரிஃபியூஜ், டியூபை வேகமா சுத்தி சீரத்தை பிரிக்கிற மெஷின், மூடி திறந்து கிடக்கு, அது மேல ஒரு துண்டு போர்த்தியிருக்கு. ரிப்பேர் ஆகி நாலு நாள். அங்க ரத்தம் எடுக்குற தம்பி சர்வீஸ் ஆளுக்கு போன் போட்டுருக்கான், அவர் வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார். சாயங்காலம் எடுத்த டியூபை சுத்த முடியல, வெயில் காலம், கெட்டுப்போயிரக் கூடாதுன்னு அப்படியே பிரிட்ஜ்ல வச்சு காலையில முதல் பஸ்ல அனுப்பியிருக்கான். பாலை நாம எப்படி வைப்போமோ அப்படி. தப்பா ஏதோ செய்யுறோம்ங்கிற எண்ணமே அவனுக்கு இல்ல, அக்கறையா செஞ்சிருக்கான்.

ஆனா ரத்தம் பால் இல்லையே. சிவப்பணுக்குள்ள இருக்குற பொட்டாசியம் வெளிய சீரத்துல இருக்குறதை விட இருபது மடங்குக்கு மேல, அதை உள்ளேயே பிடிச்சு வைக்கிறது செல் சுவர்ல இருக்குற ஒரு பம்ப். சுத்திப் பிரிக்காத ரத்தத்தை குளிர்ல வச்சா அந்த பம்ப் வேலை செய்யாது, பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளிய கசியும். செல் உடையாது, அதனால சீரம் சிவக்காது, கண்ணால பாத்து ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. சீரத்தை பிரிச்ச பிறகு பிரிட்ஜ்ல வச்சா ஒண்ணும் ஆகாது, பிரிக்கறதுக்கு முன்னாடி வச்சாதான் இந்த வேலை. மெயின் லேப் ரிசப்ஷன்ல டியூப் சுத்தாம வந்ததை பாத்திருக்காங்க, அவங்களே சுத்தி உள்ள அனுப்பியிருக்காங்க, ஏன் சுத்தாம வந்துச்சுன்னு யாரும் கேக்கல. கேக்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. ரிப்பேர் ஆனா யாருக்கு சொல்லணும்னு அந்த தம்பிக்கும் யாரும் சொல்லித் தரல. எங்ககிட்ட இருந்த கம்ப்ளைன்ட் ஃபார்ம் மெயின் லேப் அனலைசருக்கு மட்டும்தான் இருந்துச்சு.

இதுல பெஞ்ச்ல, அதான் மெஷின் முன்னாடி, இருந்த பொண்ணு ஒரு தப்பும் பண்ணல தம்பி. நீங்க இப்ப உக்காந்துருக்குற இடத்துல எவ்வளவு சுத்தமா வேலை பாத்தாலும் அந்த அம்மாவை காப்பாத்தியிருக்க முடியாது. என் சீட்டுல இருந்துதான் முடியும், நான் அதை செய்யாம விட்டுருந்தேன். எவன் செஞ்ச தப்பும் உன் தப்புன்னு உங்க அப்பா சொன்னாரே, அது இதுதான்.

ஆபீஸ்ல அந்த தம்பி சம்பளத்துல பிடிக்கணும்னு பேச்சு வந்துச்சு. ஒரு ரூபா பிடிச்சாலும் நான் வேலையில இருக்க மாட்டேன்னு சொன்னேன், கோவத்துல சொல்லல, யோசிச்சுதான் சொன்னேன். அவனை தண்டிச்சா அடுத்த தடவை ரிப்பேரை எல்லாருமே மறைப்பாங்க. அதுக்கு பதிலா ரெண்டு சின்ன சென்ட்ரிஃபியூஜ் வாங்கி ஸ்பேரா வச்சோம், தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லா சென்டர்ல இருந்தும் ஒரு வாட்ஸப் மெசேஜ், சென்ட்ரிஃபியூஜ், பிரிட்ஜ், கரண்ட், இந்த மூணும் ஓடுதா இல்லையான்னு மட்டும். எடுத்து அரை மணி நேரம் உறைய விடணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள சுத்தணும், சுத்தாததை பிரிட்ஜ்ல வைக்கவே கூடாது, இதை பெரிய எழுத்துல தமிழ்ல பிரிட்ஜ் கதவுலயே ஒட்டுனோம். அதை எழுதிக் குடுத்தது அந்த தம்பிதான்.

இது என் ஒரு லேப் கதை மட்டும் இல்ல. இத்தாலியில பதுவாங்கிற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி லேப்ல மூணு மாசம் நடந்த தப்பை எல்லாம் எண்ணிப் பாத்து 1997ல வெளியிட்டாங்க, 40,490 டெஸ்ட்ல 189 தப்பு, அதுல 68.2 சதவீதம் சாம்பிள் மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே நடந்தது. மெஷின்ல நடந்தது 13.3 சதவீதம்தான். பத்து வருஷம் கழிச்சு அதே லேப்ல மறுபடி எண்ணுனப்ப மொத்த தப்பு குறைஞ்சிருந்துச்சு, ஆனா முன்னாடியே நடக்குற பங்கு 61.9. நாம காலேஜ்ல நாலு வருஷத்துல பெரும்பகுதியை எதுக்கு செலவு பண்ணுறோம்னு யோசிச்சுப் பாருங்க. மெஷினுக்கு. மிச்சத்தை யாராவது பாக்கணும்ல, அதை பயோகெமிஸ்ட்ரி தெரிஞ்சவன் பாத்தா ஒரு மாதிரி இருக்கும், டீசல் கணக்கு மட்டும் தெரிஞ்சவன் பாத்தா ஒரு மாதிரி இருக்கும். பொட்டாசியம் ஏன் கசியுதுன்னு எனக்கு தெரிஞ்சிருந்ததாலதான் அந்த துண்டை பாத்ததும் புரிஞ்சுது. படிப்பு வீணாப் போகல தம்பி, என் வாழ்க்கையில அதை அவ்வளவு முழுசா பயன்படுத்துன நாள் வேற இல்ல.

படிப்பு கையை விட்டுப் போகாம இருக்க ஒரு பழக்கம் மட்டும் வச்சுக்கோங்க, தினம் காலையில மத்த வேலைக்கு முன்னாடி லெவி ஜென்னிங்ஸ் சார்ட்டை, அதான் கண்ட்ரோல் அளவை நாள்படி புள்ளி வச்சுப் பாக்குற சார்ட்டை, நீங்களே பாருங்க. ரூல் உடைஞ்சா டெக்னீஷியன் பாத்துக்குவாங்க, நீங்க பாக்க வேண்டியது உடையறதுக்கு முன்னாடி மெதுவா ஒரே பக்கமா சாயுதே அதை. எங்க லேப்ல ஒரு தடவை அப்படி சாஞ்சப்ப காரணம் என் மேஜையிலயே இருந்துச்சு, போட்டோமீட்டர் லேம்ப்புக்கு போட்ட பர்ச்சேஸ் ஆர்டர் கையெழுத்து ஆகாம மூணு வாரமா கிடந்துச்சு. பெஞ்ச்ல இருக்குறவங்களுக்கு சார்ட் தெரியும், ஆர்டர் தெரியாது. ரெண்டும் தெரியுற ஒரே ஆள் நீங்கதான்.

பிரிட்ஜ் டெம்பரேச்சர் ரெஜிஸ்டர் பத்தி ஒரு விஷயம். சேர்ந்த முதல் வாரமே அதை எடுத்துப் பாருங்க. 4, 4, 4, 4ன்னு மாசம் முழுக்க ஒரே பேனாவுல ஒரே சாய்வுல எழுதியிருந்தா அது மாசக் கடைசியில உக்காந்து எழுதுனது. எந்த பிரிட்ஜும் அப்படி ஓடாது, கதவு திறந்து மூடுற வேலை நேரத்துல 6, 7னு ஏறி இறங்கும். திட்டாதீங்க. ஏன் அப்படி எழுதுறாங்கன்னா, என்னைக்கோ ஒருத்தர் 9னு உண்மையை எழுதி அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பார், மத்தவங்க அதை பாத்திருப்பாங்க. நான் முதல் தடவை 9னு எழுதுன ஹெல்ப்பர் அம்மாவை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கும்பிட்டேன், உள்ள இருந்த ரீஏஜென்ட் கிட்டை, அதான் டெஸ்ட் பண்ணுற மருந்தை, எல்லாம் உடனே வேற பிரிட்ஜுக்கு மாத்த முடிஞ்சுது, 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டிய சரக்கு, பல லட்ச ரூபா. அதுக்கப்புறம் ரெஜிஸ்டர்ல நம்பர் எல்லாம் ஏறி இறங்க ஆரம்பிச்சுது.

சுத்தம் பண்ணுறவங்க பத்தியும் சொல்லணும், ஏன்னா பெரும்பாலான மேனேஜர்ங்க அவங்களை லேப் ஆளா நினைக்கிறதே இல்ல. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ரென்சிலர் பாலிடெக்னிக்னு ஒரு பல்கலைக்கழகம், 2020 செப்டம்பர்ல அங்க மைனஸ் 80 டிகிரி ப்ரீசர் ஒண்ணு கொஞ்சம் டெம்பரேச்சர் மாறி பீப் பீப்னு கத்திக்கிட்டு இருந்துச்சு. கொரோனா நேரம், ரிப்பேர் ஆள் வர நாளாகும், அணைக்காதீங்க, சத்தம் தொந்தரவா இருந்தா இந்த பட்டனை அமுக்குங்கன்னு கதவுல எழுதி ஒட்டி, ப்ளக் பாயிண்டுக்கு பூட்டு கூட போட்டுட்டாங்க. ராத்திரி க்ளீனிங்குக்கு வந்தவர் சத்தத்தை கேட்டுட்டு பிரேக்கரை இறக்கிட்டார். ஆன் பண்ணுறதா நினைச்சுதான் செஞ்சிருக்கார். காலையில பாத்தப்ப மைனஸ் 32. இருபது வருஷத்துக்கு மேல செஞ்ச ஆராய்ச்சி சாம்பிள் போச்சுன்னு 2023ல பல்கலைக்கழகம் க்ளீனிங் கம்பெனி மேல பத்து லட்சம் டாலருக்கு மேல கேட்டு வழக்கு போட்டுச்சு, வழக்குலயே அந்த ஆளை குத்தம் சொல்லல, அவருக்கு பயிற்சி குடுக்கலன்னுதான் சொன்னாங்க. நான் இதை படிச்சப்ப எனக்கு அந்த நோட்டீஸ்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. பேப்பர் ஒட்டுறது வேலையில பாதிதான், ராத்திரி வர்ற ஆளை ஒரு தடவை நேர்ல கூட்டிட்டு வந்து இதுதான் ப்ரீசர், இது கத்தும், கத்துனா இந்த நம்பருக்கு போன் போடுங்கன்னு சொல்லுறது மிச்ச பாதி. பத்து நிமிஷம் ஆகும்.

ஜெனரேட்டர் டீசல் கணக்கு பாக்கச் சொல்லி கிண்டல் பண்ணாங்கன்னு எழுதியிருந்தீங்க. பாருங்க, கண்டிப்பா பாருங்க. ஜெனரேட்டரை சும்மா ஓட்டிப் பாத்து நல்லா இருக்குன்னு டிக் போடுற வழக்கம் எல்லா இடத்துலயும் இருக்கு, வேலை கம்மியா இருக்குற ஒரு ஞாயித்துக்கிழமை மெயினை இறக்கிட்டு முழு லோடுல ஓட்டிப் பாருங்க, அப்பதான் எந்த பிரிட்ஜ் யூபிஎஸ்ல இல்லாம தனியா நிக்குதுன்னு தெரியும். எனக்கு ரெண்டு பிரிட்ஜ் அப்படி கிடைச்சுது.

பயப்பட வேண்டிய விஷயமும் இருக்கு, மறைக்க மாட்டேன். ராத்திரி போன் வரும். கிட் செலவை குறைங்கன்னு மேல இருந்து சொல்லுவாங்க, கண்ட்ரோல் ஓட்டுறதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாக்கலாமேன்னு சொல்லுவாங்க, அப்ப முடியாதுன்னு சொல்ல வேண்டிய ஆள் நீங்க. சேர்றதுக்கு முன்னாடியே ரெண்டு விஷயம் எழுத்துல கேட்டு வாங்குங்க, சந்தேகமா இருந்தா ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கிற அதிகாரம் உங்களுக்கும் குவாலிட்டி மேனேஜருக்கும் இருக்கணும், அவசர ரிப்பேருக்கு யாரையும் கேக்காம செலவு பண்ண ஒரு தொகை இருக்கணும். ரெண்டும் தர மாட்டோம்னு சொன்னா பெஞ்ச்லயே இருங்க, வீட்டுக்கடனுக்கு வேற வழி பாத்துக்கலாம். அந்த அதிகாரம் இல்லாம உக்காந்தா அப்பா சொன்ன தப்பு எல்லாம் உங்க தலையில வரும், அதை சரி பண்ண கை மட்டும் இருக்காது.

பதில் சொல்ல உங்களுக்கு இன்னும் எத்தனை நாள் டைம் இருக்குன்னு எழுதல. நடுவுல ஒரு சாயங்காலம் கிடைச்சா உங்க லேப்போட ரொம்ப தூரத்து கலெக்ஷன் சென்டருக்கு யார்கிட்டயும் சொல்லாம பஸ்ல போங்க. அங்க இருக்குற ஆளோட ஒரு டீ குடிங்க, இங்க எது ரிப்பேர் ஆனா யார்கிட்ட சொல்லுவீங்கன்னு மட்டும் கேளுங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க தம்பி, காத்திருக்கேன்.

அன்புடன்,
அக்கா