ட்ரை வைன் என்கிறார்களே, குடிக்கிற பொருள் எப்படி ‘ட்ரை’யாக இருக்கும்? ருசி எப்படி?

‘ட்ரை’ என்றால் இனிப்பு இல்லை, அவ்வளவுதான். திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் அநேகமாக மிச்சம் வைக்காமல் தின்று ஆல்கஹாலாக்கிவிட்டால் அது ட்ரை வைன்.

எனக்கு இது புரிந்தது பிரான்ஸில், ஆன்ஜே நகரில் வேலை பார்த்தபோது. பக்கத்து ஊர் சவனியேர். அங்கே லுவார் ஆற்றை ஒட்டிய சரிவில் ‘கூலே த செரான்’ என்று சுமார் 7 ஹெக்டேர் தோட்டம். சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகள் 1130-இல் கொடி நட்ட இடம். நம்மூர் புவிசார் குறியீடு மாதிரி அந்தத் துண்டு நிலத்துக்கே தனிப் பெயருரிமை உண்டு. ஷெனன் பிளாங் திராட்சை மட்டும்தான். நாலு பேர் பங்கு போட்டு ஒரு பாட்டில் வாங்கினோம். (விலையை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.)

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, ஊற்றினோம். கடலை எண்ணெய் நிறம். வாசனை பெரிதாக இல்லை. வாயில் எலுமிச்சைத் தோலைக் கடித்த மாதிரி புளிப்பு, ஓரத்தில் கசப்பு. “இதுக்கா இவ்ளோ காசு?” என்றான் அறைத்தோழன். பாதிக்கு மேல் மிச்சம். தக்கையை அழுத்தி மூடி சமையல் மேடையிலேயே விட்டுவிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் அதே பாட்டில், வேறு வைன். தேன்மெழுகு, காய்ந்த சாமந்தி, வதக்கிய ஆப்பிள் என்று வாசனை எழும்பி வந்தது. மூக்கு இனிப்புக்குத் தயாராகிவிடுகிறது. நாக்கில் பட்டால் இனிப்பே இல்லை. அந்த ஏமாற்றம்தான் ட்ரை வைனின் சுகம் என்பேன். விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல் அடிநாக்கில் லேசாக ஒரு தித்திப்பு.

அதைத் தயாரித்துவந்த நிக்கோலா ஜோலியே முந்தின நாளே திறந்து வைக்கச் சொல்பவர் என்று பிறகுதான் படித்தேன். வங்கி வேலையை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய மனிதர். அதிகக் குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். 14 டிகிரி வாக்கில் குடித்தால் போதும்.

தொட்டுக்கொள்ள ஆட்டுப்பால் சீஸ் நன்றாகச் சேர்ந்தது. தோழன் மாங்காய் ஊறுகாயும் எடுத்து வந்தான். அதற்குப் பிறகு வாயில் ஊறுகாய் மட்டும்தான் இருந்தது.