டிஎஃப்யு முறையில் ஹேக்ஆர்எஃப் காணாமல் போவது ஏன்?

கேள்வி: என்னிடம் ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற, யுஎஸ்பியில் செருகும் ரேடியோ போர்டு இருக்கிறது, மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ். ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் நிரல்) ஏற்றும்போது பாதியில் கேபிள் கழன்றுவிட்டது. இப்போது டிஎஃப்யு முறையில் (யுஎஸ்பி வழியே ஃபர்ம்வேரை மீட்டு ஏற்றும் முறை) ஏற்றப் பார்த்தால், 'டிஎஃப்யு வசதியுள்ள யுஎஸ்பி சாதனம் எதுவும் இல்லை' என்று வருகிறது. வாங்கிய புதிதில் அனுமதிப் பிரச்சினை வந்து, யூடெவ் விதி (செருகும் சாதனத்தை யார் பயன்படுத்தலாம் என்று லினக்ஸுக்குச் சொல்வது) ஒரு வரி எழுதிச் சரிசெய்துவிட்டேன். அதனால் இது அனுமதிப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். போர்டு போய்விட்டதா?

பதில்: போகவில்லை. இது அனுமதிப் பிரச்சினையேதான்.

டெர்மினலில் அந்தச் செய்திக்கு மேலே இன்னொரு வரி இருக்கும், பாருங்கள். 'டிஎஃப்யு சாதனம் 1எஃப்சி9:000சி-ஐத் திறக்க முடியவில்லை' என்று அதில் எழுதியிருக்கும். சாதனம் கண்ணுக்குத் தெரிகிறது, கதவுதான் திறக்கவில்லை. ஆனால் ஏற்றும் கட்டளையான டிஎஃப்யு-யூட்டில் கடைசியில் 'எதுவும் இல்லை' என்று முடித்துவிடுவதால், எல்லோரும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுப் பயந்துபோகிறார்கள். ஹேக்ஆர்எஃப்-இல் இருக்கும் எல்பிசி4320 சிப்பின் பூட் நிரல் சிப்புக்குள்ளேயே ரோம் ஆக இருக்கிறது. எழுதும்போது கேபிள் கழன்றால் கெடுவது வெளியே தனியாக இருக்கும் எஸ்பிஐ ஃபிளாஷ் என்ற நினைவகச் சிப்பில் உள்ளது மட்டும். ரோமை உங்களால் அழிக்கவே முடியாது.

சரி, விதி எழுதியும் ஏன் மறுக்கிறது? நீங்கள் எழுதிய விதி வேறு ஆளுக்கு. ஹேக்ஆர்எஃப் சாதாரணமாக ஓடும்போது அதன் யுஎஸ்பி அடையாள எண் 1டி50:6089. டிஎஃப்யு பொத்தானைப் பிடித்துக்கொண்டு ரீசெட் அழுத்தியதும் பேசுவது ஹேக்ஆர்எஃப் ஃபர்ம்வேர் அல்ல, சிப்பின் ரோம். அது சிப் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனத்தின் எண்ணோடு, 1எஃப்சி9:000சி என்று வந்து நிற்கிறது. போர்டு அதேதான், ஆனால் லினக்ஸின் கண்ணுக்கு இது முன்பின் பார்க்காத புது சாதனம். உங்கள் ஒற்றை வரி அதைத் தொடாது.

லினக்ஸில் யுஎஸ்பி சாதனமும் ஒரு கோப்புதான். செருகியிருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் 'பஸ் 001 டிவைஸ் 008' என்று வந்தால், /டெவ்/பஸ்/யுஎஸ்பி/001/008 என்ற கோப்பு இருக்கிறது என்று அர்த்தம். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.) அந்தக் கோப்பை எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தால், விதி எதுவும் இல்லாதபோது உரிமையாளர் ரூட் (கணினியின் நிர்வாகி), குரூப்பும் ரூட், அனுமதி 664 என்று இருக்கும். அதாவது நம்மைப் போன்ற மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. எல்எஸ்யுஎஸ்பி சாதனத்தைக் காட்டுவதும், டிஎஃப்யு-யூட்டில் மறுப்பதும் இதனால்தான். பட்டியல் போடப் படித்தால் போதும், ஃபர்ம்வேர் ஏற்ற எழுதியாக வேண்டும்.

இந்த இடத்தில் பலர் அந்தக் கோப்புக்கு சிஹெச்மோட் 666 (எல்லோரும் படிக்க, எழுத அனுமதி) போட்டுப் பார்ப்பார்கள். அப்போதைக்கு வேலை நடக்கும். ஆனால் அது டிஸ்க்கில் இருக்கும் கோப்பு அல்ல, சாதனத்தைச் செருகும்போது பிறந்து, கழற்றும்போது மறைவது. ரீசெட் அழுத்தினாலே 008 போய் 009 வரும், நீங்கள் கொடுத்த அனுமதியும் 008-உடன் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் யூடெவ் விதிதான் வழி.

நீங்கள் /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி ஃபோல்டரில் எழுதி வைத்த கோப்பைத் திறங்கள். 6089 இருக்கும் வரியை அப்படியே நகலெடுத்துக் கீழே ஒட்டுங்கள். வெண்டர் எண்ணை 1எஃப்சி9 என்றும், புராடக்ட் எண்ணை 000சி என்றும் மாற்றுங்கள். எண்ணில் வரும் எழுத்துகள் சிறிய எழுத்தாகவே இருக்கட்டும், பெரிய எழுத்தில் போட்டால் விதி பொருந்தாது. மோட் 660, குரூப் பிளக்டெவ் (செருகும் சாதனங்களைப் பயன்படுத்துவோருக்கான குரூப்) இரண்டையும் தொட வேண்டாம். ஹேக்ஆர்எஃப் மூலநிரலோடு வரும் 53-ஹேக்ஆர்எஃப்.ரூல்ஸ் கோப்பில் இந்த என்எக்ஸ்பி வரியும் இருக்கிறது. அதையே எடுத்துப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. எங்கிருந்தோ ஒரு வரியை மட்டும் எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

சேமித்த பிறகு, சூடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டுவது) போட்டு யூடெவ்அட்ம் கன்ட்ரோல் --ரீலோட்-ரூல்ஸ். அப்புறம் கேபிளைக் கழற்றிச் செருகி, மறுபடி டிஎஃப்யு முறைக்குப் போங்கள். 3வி3 விளக்கு எரிய வேண்டும், 1வி8 விளக்கு அணைந்திருக்க வேண்டும். இப்போது எல்எஸ் -எல் போட்டால் குரூப் இருந்த இடத்தில் பிளக்டெவ் என்று வந்திருக்கும்.

வந்தும் மறுத்தால், நீங்கள் அந்தக் குரூப்பில் இல்லை. குரூப்ஸ் கட்டளையில் தெரிந்துவிடும். யூசர்மோட் -ஏஜி பிளக்டெவ் என்று போட்டுப் பெயரைச் சேர்த்துவிட்டு, முழுதாக லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள். புது டெர்மினல் திறந்தால் மட்டும் போதாது. அந்த ஏ-வை விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை -ஜி மட்டும் போட்டேன். சேர்ப்பதற்குப் பதிலாக, என்னை மற்ற எல்லாக் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டது, சூடோவிலிருந்தும் சேர்த்து. அதைச் சரிசெய்ய ரிகவரி முறையில் பூட் செய்ய வேண்டியதாயிற்று. அன்று மாலை ரேடியோ பக்கமே போகவில்லை.

பிளக்டெவ் குரூப் உபுண்டு, டெபியன் வழக்கம். ஃபெடோரா, ஆர்ச் பக்கம் போனால் அந்தக் குரூப்பே இருக்காது. அங்கே குரூப்புக்குப் பதிலாக யுஆக்சஸ் என்ற டேக் போடுவார்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது அனுமதி தரும். ராஸ்பெரி பையில் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்தவருக்குத் தராது. அப்படி வேலை செய்பவர்கள் குரூப் முறையிலேயே இருப்பது நல்லது.

'இவ்வளவு எதற்கு, சூடோ போட்டால் முடிந்தது' என்று கேட்கலாம். ஃபர்ம்வேரை ஒருமுறை ஏற்றச் சூடோ போடுவது குற்றமில்லை, நானும் அவசரத்தில் போடுவேன். பழக்கமாவதுதான் வம்பு. நாளைக்கு குனு ரேடியோ மென்பொருளையும் சூடோவில் ஓட்டுவீர்கள். அது சேமிக்கும் பதிவுகள், அமைப்புக் கோப்புகள் எல்லாம் ரூட் பெயரில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை சூடோ இல்லாமல் திறந்தால், இந்த முறை நிஜமான கோப்பே மறுக்கும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் சிஹெச்ஓன் போட்டு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். 777 போட்டு எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள்.

இனி ஃபர்ம்வேர். வெளியீட்டுத் தொகுப்பில் ஹேக்ஆர்எஃப்_ஒன்_யுஎஸ்பி என்ற பெயரில் .டிஎஃப்யு ஒன்று, .பின் ஒன்று என இரண்டு கோப்புகள் இருக்கும். முதலில் .டிஎஃப்யு கோப்பை டிஎஃப்யு-யூட்டில் மூலம் ஏற்றுங்கள். இது ரேமில்தான் போய் உட்காரும், மின்சாரம் போனால் போய்விடும். பலர் இத்தோடு முடிந்தது என்று கேபிளைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வருகிறார்கள். கழற்றாதீர்கள். போர்டு இப்போது மறுபடி 1டி50:6089 ஆகியிருக்கும், உங்கள் பழைய வரி வேலைக்கு வரும். ஹேக்ஆர்எஃப்_எஸ்பிஐஃபிளாஷ் -டபிள்யூ கொடுத்து .பின் கோப்பை எழுதுங்கள். 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று வந்தால் போர்டைக் குறை சொல்லாதீர்கள். கோப்பு இருக்கும் பாதையைத் தப்பாகக் கொடுத்திருப்பீர்கள், அல்லது சூடோவில் இறக்கி ரூட்டின் ஃபோல்டரில் வைத்திருப்பீர்கள்.

எழுதி முடியும்வரை கேபிளை ஆட்ட வேண்டாம். முடிந்ததும் ரீசெட் அழுத்தி, ஹேக்ஆர்எஃப்_இன்ஃபோ போட்டுப் பாருங்கள். சூடோ இல்லாமலே புது ஃபர்ம்வேர் எண் வர வேண்டும். -1000 என்ற எண்ணோடு 'ரிசோர்ஸ் பிஸி' என்று வந்தால் அது அனுமதி அல்ல, வேறு ஏதோ மென்பொருள் ரேடியோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னணியில் ஜிகியூஆர்எக்ஸ் என்ற ரேடியோ மென்பொருள் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.