பாடகர் எல்விஸ், தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா தவிர மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்த பிரபலங்கள் வேறு யாராவது உண்டா?

உண்டு. இரண்டு பேரோடு நிறுத்திவிட்டீர்களே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மேற்படிப்புக்காக அந்த மாநிலத்தில் ஸ்டார்க்வில் என்ற ஊரில் இருந்தேன். அமெரிக்காவில் எங்கே என்று ஊரில் கேட்டவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அமெரிக்கர்களிடம் சொன்னால் இன்னும் மோசம், "அங்கேயா? ஏன்?" என்பார்கள். பரப்பளவில் கிட்டத்தட்ட தமிழ்நாடு அளவு. மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். வருமானக் கணக்கு எடுக்கும்போதெல்லாம் அமெரிக்க மாநிலங்களில் கடைசி இடத்திலோ அதற்கு ஓரிரு இடம் முன்னாலோதான் இருக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் பாட்டையும் எழுத்தையும் எடுத்துக்கொண்டால் இந்த மாநிலத்தை ஒதுக்கிவிட்டுப் பேசவே முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பெயர்களில் பாதிக்கு மேல் இங்கே பிறந்தவர்கள், வேறெங்கோ போய்ப் புகழ் பெற்றவர்கள். விரும்பிப் போனார்கள் என்று சொல்ல முடியாது. இருக்க முடியாமல் போனார்கள்.

காரணம் பருத்தி. மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே உள்ள சமவெளியை டெல்டா என்பார்கள். கடல் பக்கத்தில் எல்லாம் கிடையாது. வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய கறுப்பு வண்டல், கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு பள்ளம் இல்லாத நிலம். அடிமை முறை ஒழிந்த பிறகும் அங்கே நிலம் வெள்ளைப் பண்ணையார்களிடமே இருந்தது. கறுப்பினக் குடும்பங்கள் விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரமுறையில் சாகுபடி செய்தன. குடிசை, விதை, கோவேறு கழுதை எல்லாம் பண்ணையாருடையது, சாப்பாட்டுச் சாமானும் பண்ணைக் கடையில் கடன்தான். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பல குடும்பங்களுக்குப் பாக்கிதான் மிஞ்சும். கணக்கு எழுதுவதும் பண்ணையார்தானே.

அந்த வயல்களிலிருந்து வந்ததுதான் ப்ளூஸ் இசை. மடி வாட்டர்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். 1941-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிக்க வந்தவர்கள் அவருடைய குடிசையிலேயே கருவியை வைத்து அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். தன் குரலைத் திரும்பக் கேட்டபோதுதான் தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை வந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1943-இல் ரயில் ஏறி சிகாகோ போய்விட்டார். அங்கே மின் கிட்டாரைக் கையில் எடுத்தார். அவருடைய ஒரு பாட்டிலிருந்துதான் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவினர் தங்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அவர் வாழ்ந்த குடிசையில் மிஞ்சிய பகுதி இப்போது கிளார்க்ஸ்டேலில் உள்ள டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சுவர். நாலு பேர் உள்ளே போனால் ஐந்தாவது ஆள் வாசலில் காத்திருக்கலாமா என்று யோசிப்பார். அருங்காட்சியகம் இருப்பது பழைய ரயில்வே சரக்குக் கிடங்கில். வடக்கே போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த ரயில் பாதையில்தான் போயின.

அதே கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர்கள் சாம் குக்கும் ஐக் டர்னரும், இருவரும் 1931-இல். ஜான் லீ ஹூக்கர் அந்த வட்டாரத்துக்காரர். ஒரு சின்ன ஊருக்கு இது ரொம்பவே அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

ராபர்ட் ஜான்சன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் வித்தையை வாங்கினார் என்று சொல்வார்கள். ஹேசல்ஹர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்தவர், 1936-லும் 1937-லும் டெக்சாஸில் 29 பாடல்களைப் பதிவு செய்தார், 1938 ஆகஸ்ட் 16 அன்று கிரீன்வுட் பக்கத்தில் 27 வயதில் இறந்துபோனார். அவர் புதைக்கப்பட்டதாக மூன்று இடங்களில் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். சாத்தானைச் சந்தித்த இடம் என்று கிளார்க்ஸ்டேலில் 61-ஆம் நெடுஞ்சாலையும் 49-ஆம் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கம்பத்தின் மேல் நீலக் கிட்டார்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். பகலில் பார்த்தால் வண்டிகள் போய்வரும் சாதாரணச் சாலைச் சந்திப்பு. சாத்தானுக்கு அங்கே ஒதுங்கி நிற்கக்கூட இடம் இல்லை.

பி. பி. கிங்கும் டிராக்டர் ஓட்டியவர்தான். 1925-இல் பெர்கிளேர் என்ற குக்கிராமத்தில் பிறந்தார், சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டது இண்டியனோலாவை. பக்கத்து மாநிலமான டென்னசியில் உள்ள மெம்பிஸ் நகருக்குப் போய் வானொலியில் பாடிப் பெயர் வாங்கினார். தன் கிட்டாருக்கு லூசில் என்று பெயர் வைத்திருந்தாரே, அதற்குக் காரணம் உண்டு. ஆர்கன்சாவில் ஒரு கூடத்தில் பாடிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் அடித்துக்கொண்டு, குளிருக்காக வைத்திருந்த மண்ணெண்ணெய் நெருப்பைத் தட்டிவிட்டார்கள். கூடம் பற்றி எரிய, வெளியே ஓடிவந்தவர் கிட்டாரை விட்டுவிட்டோமே என்று மறுபடி உள்ளே ஓடினார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று நினைவூட்டிக்கொள்ள அந்தப் பெயரை வைத்தாராம். போனவர்களில் ஊரை மறக்காதவர் இவர். இண்டியனோலாவுக்கு ஆண்டுதோறும் வந்து கச்சேரி செய்தார். 2015-இல் இறந்தபோது அங்கேயே, தன் பெயரில் உள்ள அருங்காட்சியக வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

எல்விஸை உங்களுக்கே தெரியும், ஆனாலும் டூபெலோவைப் பற்றி நாலு வரி. உலகம் முழுக்கக் கூட்டம் போவது மெம்பிஸில் உள்ள அவருடைய மாளிகைக்கு. அவர் 1935 ஜனவரி 8 அன்று பிறந்தது டூபெலோவில், அப்பா 180 டாலர் கடன் வாங்கிக் கட்டிய இரண்டு அறை மர வீட்டில். கூடப் பிறந்த இரட்டையர் இறந்தே பிறந்தார். கடனை அடைக்க முடியாமல் கொஞ்ச காலத்தில் அந்த வீடும் கைவிட்டுப் போனது. பன்றி விற்றதற்கு வந்த காசோலையைத் திருத்திய வழக்கில் அப்பா பார்ச்மன் சிறைக்கும் போய்வந்தார். 1948-இல் குடும்பத்தோடு மெம்பிஸுக்குப் போனபோது எல்விஸுக்கு வயது 13. அம்மா முதல் கிட்டார் வாங்கிக் கொடுத்த இரும்புச் சாமான் கடை டூபெலோ கடைவீதியில் இன்னும் நடக்கிறது. பையன் சைக்கிள் கேட்டான் என்று ஒரு கதை, துப்பாக்கி கேட்டான் என்று இன்னொரு கதை. இப்போதும் அங்கே ஆணி, சுத்தியல், கயிறு என்று சாமான் வாங்க ஆள் வருகிறார்கள், நடுவே எங்களைப் போன்றவர்கள் எல்விஸ் நின்ற இடம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ஒரு வேடிக்கை: ராபர்ட் ஜான்சனைப் போலவே எல்விஸ் இறந்ததும் ஆகஸ்ட் 16 தான், 1977-இல்.

ஓப்ரா 1954-இல் பிறந்தது கோசியஸ்கோ என்ற ஊரில். ஆறு வயது வரை பாட்டியின் பண்ணையில் வளர்ந்தார், அப்புறம் மில்வாக்கி. அதே ஊரில் 1933-இல் பிறந்தவர் ஜேம்ஸ் மெரடித். 1962-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர். ஒரு ஆள் கல்லூரியில் சேர்வதற்குக் கலவரம் வெடித்து இரண்டு பேர் செத்து, ஆயிரக்கணக்கில் படை வந்து இறங்கியது. ஓப்ராவைக் கேட்பவர்கள் இவரையும் கேட்க வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் ஊர்தான் வில்லியம் ஃபாக்னருடையது. இவர் ஓடவில்லை. ஹாலிவுட்டுக்குப் பணத்துக்காகப் போவார், வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார். சொந்த வட்டாரத்தையே ஒரு கற்பனை மாவட்டமாக்கி நாவல் நாவலாக எழுதி 1949-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை வாங்கினார். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஃபாக்னர். 1920-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அஞ்சலகத்துக்கு அவர்தான் போஸ்ட்மாஸ்டர். வேலை நேரத்தில் எழுதுவார், நண்பர்களோடு சீட்டாடுவார், கடிதங்கள் அப்படியே கிடக்கும், யாராவது ஜன்னலில் வந்து நின்றால் கோபம் வரும். புகார் மேல் புகார் போய் 1924-இல் வேலையை விட்டார். தபால்தலைக்கு இரண்டு சென்ட் வைத்திருக்கும் ஒவ்வொரு போக்கிரியின் ஏவலுக்கும் தன்னால் ஆட முடியாது என்று ராஜினாமாவில் எழுதியிருந்தார். அவர் வீட்டு எழுத்தறைச் சுவரில் ஒரு நாவலுக்கான திட்டத்தை நாள் நாளாகப் பிரித்து அவரே எழுதி வைத்தது இன்றும் அப்படியே இருக்கிறது.

ஊரிலேயே இருந்த இன்னொருவர் யூடோரா வெல்டி. தலைநகரான ஜாக்சனில் அப்பா கட்டிய வீட்டிலேயே 2001-இல் சாகும் வரை வாழ்ந்து எழுதினார். நாச்செஸ் அருகே பிறந்த எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டுக்கு அந்த வசதி இல்லை. கறுப்பினத்தவர், நூலகத்தில் புத்தகம் எடுக்கக்கூட ஒரு வெள்ளைக்காரரின் அட்டையைக் கடன் வாங்கியவர். மெம்பிஸ், சிகாகோ, நியூயார்க் என்று நகர்ந்து பாரிஸில் போய் நின்றார். நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்ஸ் பிறந்தது டென்னசியில் அல்ல, மிசிசிப்பியின் கொலம்பஸ் ஊரில்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கெர்மிட் தவளை பொம்மையை உருவாக்கிய ஜிம் ஹென்சன் கிரீன்வில்லில் பிறந்து லீலண்டில் வளர்ந்தவர். ஸ்டார் வார்ஸ் படங்களின் வில்லன் டார்த் வேடரின் குரல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ், ஆர்கபுட்லா ஊர்க்காரர். ஓபரா பாடகி லியோன்டின் பிரைஸ் லாரலில் பிறந்தவர். அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்களுக்கு வால்டர் பேட்டன், ஜெரி ரைஸ் இருவர் பெயருமே போதும். ரைஸின் அப்பா கொத்தனார், அண்ணன் தம்பிகள் தூக்கிப் போடும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்துத்தான் கைப்பழக்கம் வந்தது என்பார்கள். பிரிட்னி ஸ்பியர்ஸ் மெக்கோம்பில் பிறந்தார், வளர்ந்தது லூசியானாவில். நடிகர் மார்கன் ஃபிரீமன் நேர் எதிர்: பிறந்தது மெம்பிஸ், வளர்ந்தது மிசிசிப்பி, இப்போதும் வீடு அங்கேதான்.

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் முதல் பெயராக வர வேண்டியவர் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமர். 20 பிள்ளைகளில் கடைக்குட்டி, ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். 1962 ஆகஸ்டில் வாக்காளராகப் பதிவு செய்ய ஒரு பேருந்தில் மற்றவர்களோடு இண்டியனோலா போனார். அரசியல் சட்டத்தில் ஒரு பகுதிக்கு விளக்கம் எழுதச் சொல்லித் தேர்வு வைத்து, தேறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பினால் பண்ணையார் வந்து நிற்கிறார், மனுவைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் பண்ணையை விட்டுப் போ என்று. உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று சொல்லிவிட்டு அன்றிரவே வெளியேறினார். அடுத்த ஆண்டு வினோனா சிறையில் அவரை அடித்த அடியில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 1964-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் இதையெல்லாம் கேமரா முன்னால் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒளிபரப்பைத் திருப்புவதற்காகவே ஜனாதிபதி ஜான்சன் அவசர அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். பலிக்கவில்லை, தொலைக்காட்சிகள் அன்றிரவு ஹேமர் பேச்சை முழுதாகப் போட்டன. வடக்கே போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் ரூல்வில் ஊரை விட்டு நகரவில்லை, 1977-இல் இறந்த பிறகு அங்கேயே அடக்கம்.

அதே 1964-இல், மே மாதம், நம் நாடாளுமன்ற உறுப்பினர் ராம் மனோகர் லோகியாவும் ஜாக்சனுக்கு வந்திருக்கிறார். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகத்தில் நுழையப் போனவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. அங்கே படித்த காலத்தில் எனக்கு இது தெரியாது, இந்தியா திரும்பிய பிறகுதான் படித்தேன்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் மெம்பிஸ் விமான நிலையத்தில் கார் எடுத்து 61-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே கிளார்க்ஸ்டேல், அங்கிருந்து ரூல்வில், இண்டியனோலா. திரும்பி வந்து 6-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ஆக்ஸ்ஃபோர்ட், அதே பாதையில் இன்னும் போனால் டூபெலோ. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ போங்கள், பருத்தி வெடித்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். அந்தப் புழுக்கம் சென்னைக்காரருக்கே தாங்காது.