டெல்லிக் குடித்தனம்: வாசகர் கேள்வி பதில்

சென்னையிலிருந்து டெல்லிக்கு மாறியவர்களும் மாறப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. சென்னையில் வருடம் முழுக்க ஒரே ஏற்பாட்டில் குடித்தனம் ஓடிவிடும். டெல்லியில் காற்றின் ஈரமும் வெயிலின் சாய்வும் பருவத்துக்குப் பருவம் மாறும். வீட்டையும் கூடவே மாற்றி அமைக்க வேண்டும். பதில்கள் எல்லாமே அதையொட்டித்தான்.

கே: வாடகை வீடு தேடுகிறோம். சென்னையில் வெயில் விழாத வீடாகப் பார்த்து எடுத்தோம். இங்கேயும் அப்படித்தானே?

இல்லை. டெல்லியில் தெற்கு வெயில் வேண்டும், மேற்கு வெயில் கூடாது. டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் தெற்கு வானில் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னல் இருந்தால் வெயில் அறையின் பாதிவரை வந்து விழும், தரை சூடாகும். ஜூனில் அதே சூரியன் 85 டிகிரிக்கு, ஏறக்குறைய தலைக்கு மேல் போய்விடுவதால், சாதாரண சன்ஷேடே தெற்கு ஜன்னலைக் காப்பாற்றும். மேற்குச் சுவர் அப்படியல்ல. மே, ஜூன் மாலை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும்.

வீட்டைக் கோடையில் பார்க்கிறீர்கள் என்றால் குளிர்கால வெயில் வருமா என்று கண்ணால் தெரியாது. போனில் திசைகாட்டியைத் திறந்து தெற்கைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பக்கத்துக் கட்டடம் உங்கள் ஜன்னல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் எழும்பி நிற்கிறது என்று பாருங்கள். அது 10 மீட்டர் என்றால், கட்டடம் குறைந்தது 13 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதைவிடக் கிட்டே இருந்தால் டிசம்பர் நடுப்பகலிலும் வெயில் வராது. நெருக்கமான தெருக்களில் தரைத்தளம் இதனால்தான் ஜனவரியில் ஈரமும் இருட்டுமாகக் கிடக்கிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம் மே மாதம் கொதிக்கும், ஜனவரியில் விறைக்கும். நடுத்தளம்தான் நிம்மதி. மேல் தளம்தான் கிடைக்கிறது என்றால் வாடகையில் பேரம் பேசுங்கள். மாடியில் துணி காயப்போடவும் குளிருக்கு வெயில் காயவும் உரிமை உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிருக்காக ஜன்னலை அடைத்துவிட்டுக் குளிக்கும்போது கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். அதற்கு வாசனையே கிடையாது. தூங்கும் அறையில் கரி அடுப்பு வைப்பதிலும் இதே ஆபத்துதான்.

கே: எல்லாரும் கூலர் வாங்கச் சொல்கிறார்கள். சென்னையில் வாங்கிய கூலர் ஒன்றுக்கும் உதவவில்லை. இங்கே மட்டும் வேலை செய்யுமா?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை நன்றாக வேலை செய்யும். நீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்வதுதான் கூலரின் வேலை. மே மாதப் பிற்பகலில் டெல்லியில் 42 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கூலர் 27, 28 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். சென்னையில் 37 டிகிரியும் 60 சதவீத ஈரமும் இருக்கும்போது அதே கூலர் 31, 32க்குக் கீழே இறக்காது, பிசுபிசுப்புதான் கூடும்.

பலரும் செய்யும் தவறு, ஏசி போட்ட பழக்கத்தில் கதவு ஜன்னலை அடைப்பது. கூலருக்கு எதிர்ப்பக்க ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் வெளியேறாமல் அரை மணி நேரத்தில் அறை புழுங்கும். கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்த்திருக்க வேண்டும். அறைக்கு நடுவில் வைத்தால் பயனில்லை. மர நார்த் திண்டு போட்டதென்றால் வருடத்துக்கு ஒருமுறை திண்டை மாற்றுங்கள். உப்பு படிந்த திண்டில் தண்ணீர் பரவாது. தகர உடம்புக் கூலருக்கு எர்த் உள்ள மூன்று முனைப் பிளக் கட்டாயம். தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து, உள்சுவரைத் தேய்த்துக் காயவிடுங்கள். டெங்குக் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. மாநகராட்சி ஊழியர்கள் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்ப்பார்கள், புழு இருந்தால் அபராதம் உண்டு.

பருவமழை ஜூன் 27ஐ ஒட்டி டெல்லிக்கு வரும். அதற்குப் பிறகு காற்று சென்னைக் காற்றைப்போல ஆகிவிடும், கூலரால் பயன் இருக்காது. ஜூலை, ஆகஸ்ட்டில் ஏசிதான். இல்லையென்றால் பம்பை நிறுத்திவிட்டு வெறும் மின்விசிறியாக ஓட்டலாம். ஏசியை இந்த இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொண்டால் கரண்ட் பில் கட்டுப்படும்.

கே: இரவு அரைத்து வைத்தால் சென்னையில் காலையில் பொங்கி நிற்கும் இட்லி மாவு, இங்கே டிசம்பரில் இரண்டு நாளானாலும் அசையவில்லை. அரிசியில் குறையா?

அரிசியில் குறை இல்லை, சூடு போதவில்லை. மாவு பொங்க 28 முதல் 32 டிகிரி வேண்டும். சென்னையில் மார்கழி இரவிலும் சமையலறை ஓரளவு வெதுவெதுப்பாகவே இருக்கும். டெல்லிச் சமையலறை 12, 15 டிகிரிக்கு இறங்கிவிடும்.

இட்லி அரிசி 4, உளுந்து 1, வெந்தயம் ஒரு டீஸ்பூன் என்ற அளவை மாற்ற வேண்டாம். கைப்பிடி அவல் சேர்க்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீர் விட்டே அரையுங்கள். கிரைண்டர் கல் சில்லிட்டிருக்கும். முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவினால் மாவின் சூடு போகாது. உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள், முதலிலேயே போட்டால் பொங்குவது தாமதப்படும். கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் வையுங்கள்.

அடுத்தது வைக்கும் இடம். மின்சார ஓவன் இருந்தால் சூடேற்றாமல் உள்விளக்கை மட்டும் போட்டு மூடி வைக்கலாம். எல்.இ.டி. விளக்கு என்றால் சூடு வராது. ஓவன் இல்லையா? பெரிய ஹாட்பாக்ஸில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதில் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடி, ரஜாயால் (பஞ்சு வைத்த கனமான போர்வையால்) போர்த்துங்கள். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் 14 முதல் 18 மணி நேரத்தில் பொங்கிவிடும். ஹீட்டர் முன்னால் வைக்காதீர்கள். ஓரம் வெந்து, அந்த இடத்துக் கிருமிகள் செத்துவிடும். நடு மாவு பச்சையாகவே இருக்கும். சமையல் சோடா போட்டால் இட்லி உப்பி வரும், ஆனால் புளிப்பும் மணமும் வராது.

மே மாதம் தலைகீழ். ஐஸ் தண்ணீரில் அரைத்து, உப்பை உடனே போட்டு, ஐந்து மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்க விட்டால் காலையில் வாயில் வைக்க முடியாத புளிப்பு.

கே: மகள் எட்டாம் வகுப்பு, தமிழ்நாடு பாடத்திட்டம். மே விடுமுறையில் மாறலாம் என்றிருக்கிறோம். தமிழ் படிக்க வழி உண்டா?

உண்டு. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் தமிழ் கற்பிக்கிறார்கள். லோதி எஸ்டேட், மந்திர் மார்க், ஜனக்புரி போன்ற இடங்களில் அந்தப் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளியை முடிவு செய்துவிட்டு அதற்கு அருகில் வீடு பாருங்கள்.

மே மாத மாற்றத்தில் ஒரு சிக்கல். இங்கே கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். நீங்கள் வரும்போது ஆறேழு வாரப் பாடம் நடந்திருக்கும். இடம் கேட்பதை பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்குங்கள். மாற்றுச் சான்றிதழில் கல்வித்துறை அதிகாரியின் மேலொப்பம் கேட்பார்கள். சென்னையை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள், பிறகு அலைச்சல். இன்னொன்று: சிபிஎஸ்இ பள்ளிகளில் 10, 12ஆம் வகுப்புகளில் நேரடியாகச் சேர்வது கடினம், பணியிட மாற்ற உத்தரவு போன்ற ஆவணங்கள் வேண்டியிருக்கும். ஆகவே ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே இங்கே இருப்பது நல்லது.

கே: அப்பாவுக்கு 70 வயது. பெசன்ட் நகர் கடற்கரையில் காலை 5 மணிக்கு நடந்து பழகியவர். இங்கேயும் அதே நேரம் என்கிறார்.

மார்ச் முதல் செப்டம்பர் வரை தாராளமாக நடக்கட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை அந்த நேரம்தான் மோசம். குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்பதால் வண்டிப் புகையும் தூசியும் மேலே போக முடியாது. ஜனவரியில் விடிவதற்கே 7.15 ஆகும். மதியம் 1 முதல் 4 மணி வரை வெயிலில் காற்று ஓரளவு கலைந்திருக்கும். நடையையும் ஜன்னல் திறப்பதையும் அந்த நேரத்துக்கு மாற்றுங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பக்கத்து நிலையத்தின் காற்றுத் தரக் குறியீட்டைப் (ஏக்யூஐ) பாருங்கள். 300க்கு மேல் இருந்தால் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். வெளியே போயே ஆகவேண்டும் என்றால் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 முகக்கவசம். துணிக் கவசம் நுண்தூசியைத் தடுக்காது. அவர் தூங்கும் அறைக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால், அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்குங்கள். 120 சதுர அடி அறைக்கு ஏறக்குறைய 155 வரும். பெட்டியில் சிஏடிஆர் (சுத்தமான காற்றைத் தரும் வேகம்) என்று போட்டிருக்கும் எண், மணிக்குக் கன மீட்டர் கணக்கில், அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.