டம்ளரில் என்ன கதை இருக்கிறது?

கேள்வி: "சுற்றியிருக்கும் பொருள்களிலேயே கதை கிடக்கிறது" என்கிறார்கள். நானும் அரை மணி நேரமாக ஓர் எவர்சில்வர் டம்ளரை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லையே?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: டம்ளரை முறைத்துக்கொண்டிருந்தால் உங்கள் முகம்தான் கோணலாகத் தெரியும். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருக்கிறதா? யார் பெயர்?

எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் உண்டு. புள்ளி புள்ளியாக 'கா.மு. 1978' என்று வெட்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் கா.மு. என்று யாரும் கிடையாது. ஏதோ விசேஷ வீட்டுக்கு எங்கள் டம்ளர் இரவல் போய், திரும்பும்போது இது வந்திருக்க வேண்டும். இப்படி மாறிப்போகக் கூடாது என்றுதானே பாத்திரக் கடையிலேயே காத்திருந்து பெயர் வெட்டி வாங்குகிறோம்! அம்மா அதில் யாருக்கும் காபி ஊற்றியதில்லை. "அடுத்தவங்க பொருள், கேட்டு வருவாங்க" என்று பரண்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். யாரும் வரவில்லை. அம்மா போன பிறகு அதை எடுத்துப் புழங்கலாமா கூடாதா என்று எனக்கும் தங்கைக்கும் பேச்சு முற்றி, மூன்று மாதம் போன்கூட இல்லை. அந்த மூன்று மாதத்தை எழுதலாம். டம்ளரின் பளபளப்பை எழுதி என்ன செய்ய?

அப்புறம், டம்ளர் என்றாலே வீடு, காபி, அம்மா என்றுதான் போக வேண்டுமா? (நானே அங்கேதான் போனேன், சரி.) இரட்டை டம்ளர் முறை இருந்த டீக்கடைகளில், தலித் மக்களுக்கென்று தனியாக வைத்த டம்ளரைக் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். அதே பாய்லர், அதே டீ. அப்படி ஒரு கடையில் எல்லாருக்கும் பேப்பர் கப் வந்த அன்று, கடைக்காரர் அந்தத் தனி டம்ளர்களை என்ன செய்திருப்பார்? பழைய இரும்புக்காரனிடம் போட்டாரா, வீட்டுக்கு எடுத்துப் போனாரா? வீட்டுக்குப் போயிருந்தால் அதில் யார் குடித்தது?

ஒன்று மட்டும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா எழுதச் சொன்ன 'குடையின் தன்வரலாறு' பலருக்கு இன்னும் விட்டபாடில்லை. "நான்தான் டம்ளர் பேசுகிறேன்" என்று மாதம் நாலு கதையாவது வந்துவிடுகிறது. போன மாதம் ஒரு துடைப்பம்கூடப் பேசியது. உங்கள் டம்ளரும் பேசியே தீரும் என்றால், கதையைத் திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையை மறக்காமல் உடன் வையுங்கள்.